பத்தாயிரத்து எட்டின் அக்கம்பக்கம்

கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திய காலம் முழுவதும் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பகா எண்’. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்கு அப்படிப் பெயர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆசிரியர் அறையில் எந்தக் கோஷ்டியிலும் சேரவில்லை. டீ குடிக்கவும் தனியாகத்தான் போவேன். அதனால் பெயர் சரியாகத்தான் இருந்தது. என் பணி நிறைவு விழாவில் பழைய மாணவன் ஒருவன் அதை மேடையிலேயே சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. நடத்திய பாடத்தில் ஒரு வரியாவது ஒருத்தன் மண்டையில் தங்கியிருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு தாமிரபரணிக் கரை வண்ணார்பேட்டையில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். அத்தான் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் அவள் குரல் கூட்டத்தில் தனியாகக் கேட்கும். எங்கள் தெரு அம்மன் கோவில் திருவிளக்கு பூஜையில் அத்தான் இருந்தவரை போற்றி சொல்லிக் கொடுத்தது அவள்தான். அவள் ஒரு வரி சொல்ல, விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் திருப்பிச் சொல்வார்கள். அத்தான் போன பிறகு அவள் அங்கே உட்காரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அது சுமங்கலிகள் ஏற்றும் விளக்கு என்பது பேசாமலே எல்லாருக்கும் புரிந்திருந்தது. பிரசாதப் பொட்டலம் மடிக்கும் வேலைக்கு மட்டும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அவளும் போய் மடித்தாள்.

இந்த வருஷம் பூஜைப் பேச்சு தொடங்கியதும் ஒருநாள் எனக்குத் தோசை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஏல, எனக்கும் ஒரு விளக்கு ஏத்தணும். எல்லாரோடயும் சேந்து உக்காந்து.”

காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாமி விஷயத்தில் எனக்குக் கருத்து கிடையாது. ஆனால் அக்கா தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால் அது எனக்கு முக்கியமாகிவிட்டது.

எங்கள் பக்கத்துக் கோவில்களில் எதையும் நூறாகச் செய்ய மாட்டார்கள், நூற்றெட்டாகத்தான் செய்வார்கள். ஆயிரம் கிடையாது, ஆயிரத்தெட்டு. வடை மாலையானாலும் சங்காபிஷேகமானாலும் கடைசியில் அந்த எட்டு நிற்க வேண்டும். இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், ஒருமுறை பஸ்சுக்குக் காத்திருந்த நேரத்தில் அந்த எண்களை வகுத்துப் பார்த்து அசந்துபோனேன். ஆயிரத்தெட்டு, பத்தாயிரத்து எட்டு, லட்சத்து எட்டு, இவற்றில் எதை எடுத்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பது. ஆகவே ஒன்பதால் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் பூஜ்யம், பூஜ்யம், எட்டு. ஆகவே எட்டாலும் வகுபடும். ஒன்பது, எட்டு இரண்டாலும் வகுபட்டால் எழுபத்திரண்டால் வகுபடும். நடுவில் எத்தனை பூஜ்யத்தைச் சொருகினாலும், எழுபத்திரண்டு எழுபத்திரண்டு பேராக உட்காரவைத்தால் ஒரு ஆள் மிஞ்சாது. இதை யோசித்துத்தான் பக்தர்கள் எட்டைச் சேர்த்தார்களா என்றால் நிச்சயம் இல்லை. நான் இதைக் கோவிலில் சொன்னபோது, செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்.

போன வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது ஆயிரத்தெட்டு விளக்கு. யாரையும் கேட்காமல் வரிசைக்கு முப்பது பேர் என்று உட்காரவைத்தார்கள். முப்பத்து மூன்று வரிசை நிறைந்து, பதினெட்டுப் பெண்கள் மிஞ்சினார்கள். அந்த அரை வரிசையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தற்செயலாக ஒரே தெருக்காரர்கள். தங்களை மிச்சம் மீதி மாதிரி கடைசியில் தள்ளிவிட்டார்கள் என்று அந்தத் தெரு முழுக்க ஆறு மாதம் கோவில் பக்கமே திரும்பவில்லை. அதிலிருந்து அரை வரிசை என்ற சொல்லைக் கேட்டாலே விழாக் குழுவுக்கு வியர்க்கும்.

குழுத் தலைவர் வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் பத்தால் பெருக்கினால் பெரிதாகிவிடும் என்று நம்புகிறவர். ஏரல் பக்கம் ஒரு கோவிலில் ஐயாயிரத்து எட்டு விளக்கு வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த வருஷம் பத்தாயிரத்து எட்டு என்று முடிவு செய்தார். கோவில் பிராகாரத்தில் இருநூறு பேர் உட்காருவதே கஷ்டம், பள்ளிக்கூட மைதானமும் இதற்குப் போதாது. அதனால் அம்மனின் உற்சவ மூர்த்தியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேட்டை என்ற பகுதிக்குக் கொண்டுபோய், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் லாரிகள் நிறுத்தும் மைதானத்தில் வைப்பதாக ஏற்பாடு. சென்னையிலிருந்து ஏதோ ஒரு சாதனைப் புத்தகக்காரர்கள் வந்து சான்றிதழ் தருவார்கள். அவர்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. பத்தாயிரம் தலையை அவர்கள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். டிரோன் பறக்கவிட்டு வரிசைகளைப் பெருக்கிக்கொள்வார்கள். எல்லா வரிசையும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அங்கேதான் என்னைக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் பாடம் நடத்தியதில் கிடைக்காத மரியாதை, ஒரு வகுத்தலுக்குக் கிடைத்தது. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார்கள்.

“நூறு வரிசை, வரிசைக்கு நூறு பேரு. மிச்சம் எட்டுப் பேர அஷ்டலட்சுமின்னு சொல்லி முன்னால உக்கார வச்சிருவோம். எப்படி சாரு நம்ம ஐடியா?” என்றார் அண்ணாச்சி.

ஐடியா நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழுவில் எட்டைவிட அதிகமான பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் மனைவி உண்டு. எந்த எட்டு லட்சுமி என்ற கேள்வி எழுந்து, ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். அதன் பிறகு நான் என் பதிலைச் சொன்னேன். பத்தாயிரத்து எட்டை எழுபத்திரண்டால் வகுத்தால் நூற்று முப்பத்தொன்பது. வரிசைக்கு எழுபத்திரண்டு பேராக நூற்று முப்பத்தொன்பது வரிசை. முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் மிஞ்சவில்லை.

“அதென்ன நூத்தி முப்பத்தொம்பது? கேக்கவே ஒரு மாதிரி இருக்கே,” என்றார் பொருளாளர்.

“அது பகா எண். அதுக்கு மேல உடையாது,” என்றேன்.

“ஒண்ணச் சேத்து நூத்தி நாப்பதாக்கிருவோமே வே?”

“பத்தாயிரத்து எம்பது ஆயிரும்.”

“அதுலயும் எட்டு இருக்குல்லா?”

“கடைசில இல்ல,” என்றார் அண்ணாச்சி கண்டிப்பாக. எண்ணியலில் அவருக்கு இருந்த ஒரே கோட்பாடு அது. அன்றைக்கே சுண்ணாம்புக் கோடு போட ஆள் அனுப்பிவிட்டார்.

பெயர் கொடுப்பது செல்போனில். அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் பெயர், தெரு, ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தான். புருஷன் இருக்கிறானா என்று மட்டும் கேட்கவில்லை. அக்கா தானே பூர்த்தி செய்து அனுப்பினாள். நூற்று முப்பத்தொன்பதாம் வரிசை, முப்பத்தாறாம் இடம் என்று பதில் வந்தது. கடைசி வரிசைதான். அவள் அதை நான்கு தடவை திறந்து பார்த்ததை நான் கண்டும் காணாததுபோல இருந்தேன். மறுநாள் பெட்டியிலிருந்து அரக்குக் கலர்ப் பட்டுச் சேலையை எடுத்து மொட்டை மாடியில் நிழலாக உலரப் போட்டாள். மாடி முழுக்க பாச்சை உருண்டை வாசனை அடித்தது.

பூஜைக்குச் சில நாட்கள் இருக்கும்போது என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை காப்பியோடு முறுக்கும் இருந்தது. மாவட்டத்தின் பெரும்புள்ளி ஒருவரின் மனைவி, தானும் வந்து விளக்கேற்றுவதாகச் சொல்லிவிட்டார். முதல் வரிசை, நட்ட நடு. மறுக்க முடியாது, மைதானமே அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதால் கிடைத்தது.

“ஒரு ஆளுதான கூடுது, பத்தாயிரத்து எட்டும் அந்த அம்மாவும்னு சொல்லிக்கிடுவோம். பத்தாயிரத்து ஒம்பதுக்கு வரிசை போட்டுக் குடும்,” என்றார் அண்ணாச்சி.

நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நூறு வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏழால் வகுத்தால் ஆறு மிச்சம். பதினொன்றால் பத்து மிச்சம். பதிமூன்றால் பன்னிரண்டு மிச்சம். இந்த மூன்றிலும் ஒரு ஆள் குறைவதால் கெட்டுப்போய் நின்றது. தொண்ணூற்றேழு வரை போயும் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாயிரத்து ஒன்பது பகா எண்.

“வரிசை போட முடியாது. எல்லாரையும் ஒத்தை வரிசையாத்தான் உக்கார வைக்கணும்,” என்றேன்.

“எவ்வளவு தூரம் போகும்?”

“பேட்டையில ஆரம்பிச்சு ஆத்தத் தாண்டி வண்ணார்பேட்டைக்குப் போயிரும்.”

அண்ணாச்சி அதையும் ஒரு நிமிஷம் யோசித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். போக்குவரத்துப் போலீசை நினைத்துத்தான் விட்டார்.

“வேற வழி இருக்கு. இன்னும் ஒரே ஒரு ஆளச் சேத்துக்கோங்க. பத்தாயிரத்துப் பத்து. அதப் போல இணக்கமான எண்ணு கிடைக்காது. ரெண்டு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எல்லாத்தாலயும் வகுபடும். தொண்ணூத்தி ஒரு வரிசை, வரிசைக்கு நூத்திப் பத்துப் பேரு. கிட்டத்தட்ட சதுரமா வரும். வர்றவங்க எல்லாரும் உக்காரலாம்.”

குழு முழுவதும் என்னைப் பார்த்தது. பூஜ்யத்தில் முடிகிற எண்ணைக் கோவில் காரியத்துக்குச் சிபாரிசு செய்த ஆளைப் பார்க்கிற பார்வை அது.

“பேனர் அடிச்சாச்சு வே, பத்தாயிரத்து எட்டுன்னு,” என்றார் அண்ணாச்சி. “ஒண்ணக் கழிச்சிர வேண்டியதுதான்.”

கணக்கு அளவில் அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ, இத்தனை பேர் முறுக்கு தின்றுகொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு இனி வராது என்று தோன்றியது. பத்தாயிரத்து எட்டுக்கு மேலே இருக்கும் எண்ணும் பகா எண், கீழே இருக்கும் பத்தாயிரத்து ஏழும் பகா எண், இரண்டு பக்கமும் எதற்கும் பிடிகொடுக்காத இரட்டையர்கள் நிற்க, நடுவில் பத்தாயிரத்து எட்டு மட்டும் எல்லாருக்கும் வளைந்து கொடுக்கிறது, எண்கள் பெரிதாகப் பெரிதாக இப்படிப்பட்ட இரட்டையர்கள் அரிதாகிக்கொண்டே போவார்கள், ஆனாலும் முடிவில்லாமல் வருவார்களா என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்று விளக்கினேன். பொருளாளர் கொட்டாவி விட்டார். பொருட்படுத்தாமல் முடித்துவிட்டு, மிகவும் திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

அக்கா மொட்டை மாடியில் அரக்குச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி போன் பண்ணினாவ,” என்றாள். “கடைசி வரிசைகளுக்கு எண்ணெ ஊத்திக் குடுக்க பொறுப்பான ஆளு இல்லையாம். என்னைய சேவைக்கு வரச் சொல்லுதாவ.”

“உன் விளக்கு?”

“ஒரு ஆளு கூடிப் போச்சாம்லா.”

குரலில் ஒன்றுமில்லை. சேலையின் ஓரங்களை மட்டும் மறுபடி மறுபடி சேர்த்துப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கழிக்க வேண்டும் என்றதும் அவர்கள் யாரைக் கழிப்பார்கள் என்று எனக்கு முறுக்கு தின்னும்போது தோன்றவே இல்லை. எண்ணில் ஒன்று என்றால் ஏதோ ஒரு ஒன்று. குழுவுக்கு அப்படி இல்லை, அவர்களுக்கு அந்த ஒன்று தயாராக இருந்தது.

நேரே பாத்திரக்கடைக்குப் போனேன். குத்துவிளக்குப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்த இடுக்கில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

“எங்க அக்காவ எதுக்கு அண்ணாச்சி எடுத்தீங்க?”

“கோவப்படாதீரும். அக்கா பேரு லிஸ்ட்ல எப்படி வந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியல. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“லாரி ஸ்டாண்டுல டீசல் வாடைக்கு நடுவுல பூஜை பண்ணுததுக்கு முறை இருக்கா?”

“அது இடம். இது ஆளு.” கொஞ்சம் இறங்கிவந்தார். “நீரே சொல்லும். அக்காவ எடுத்தா கணக்கு கெட்டுப்போகுதா?”

கணக்கு கெடவில்லை. அக்கா இருக்கும் பத்தாயிரத்து எட்டும் பெரும்புள்ளியின் மனைவி இருக்கும் பத்தாயிரத்து எட்டும் ஒரே எண். எழுபத்திரண்டால் வகுபடுகிறது, நூற்று முப்பத்தொன்பது வருகிறது, மீதி இல்லை. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எதை நான் எண்களின் பெருந்தன்மை என்று நினைத்தேனோ, அது அன்றைக்கு எனக்கு அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் இருந்த வெண்கல மணியை வேண்டுமென்றே தட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த வயதில் என்னால் முடிந்த கலவரம் அவ்வளவுதான்.

இதற்கிடையில் முதல் வரிசை நடுவில் இன்னொரு கலவரம் நடந்தது. அந்த இடம் ஏற்கெனவே பொருளாளரின் மனைவிக்கு ஒதுக்கியது. அதாவது முதல் வரிசையின் முப்பத்தாறாம் இடம். காலியானதோ கடைசி வரிசையின் முப்பத்தாறாம் இடம். நூற்று முப்பத்தெட்டு வரிசை தாண்டி அங்கே போய் உட்கார அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. அதனால் முப்பத்தாறாம் கோட்டில் இருந்த எல்லாரையும் ஒவ்வொரு வரிசை பின்னால் தள்ளினார்கள். ஒரு வரிசைதானே, யாருக்கும் தெரியாது என்று அண்ணாச்சி நினைத்தார். செல்போனில் புது எண் வந்த அத்தனை பெண்களுக்கும் தெரிந்தது.

பூஜை அன்று சாயங்காலம் அக்கா அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“சேவைக்கும் சீலை கட்டிட்டுத்தானலே போகணும்,” என்றாள்.

ஸ்கூட்டரில் பேட்டைக்குப் போனோம். மைதானத்தைப் பார்த்ததும் என் பரிகாசம் கொஞ்சம் அடங்கியது என்பதுதான் உண்மை. எண்ணெய்க் கறை படிந்த தரையில் சுண்ணாம்புக் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குத்துவிளக்கும் வாழையிலையும் பூவும் வைத்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேலைகள். பத்தாயிரத்தை நான் கரும்பலகையில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். அது இவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா எண்ணெய்த் தூக்கை வாங்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள். நானும் பின்னால் கயிறு கட்டியிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

விளக்கேற்றும் நேரம் நெருங்கியது. முதல் வரிசை நடுவில் மட்டும் இடம் காலியாக இருந்தது. அங்கே வைத்திருந்தது சாதாரண விளக்கு இல்லை, கடையிலேயே உயரமானது. அண்ணாச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு மைதானத்தின் ஓரமாக என்னிடம் ஓடிவந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

“அந்த அம்மா வரலையாம் வே. மதுரையில ஏதோ கல்யாணமாம், அங்கன போயிட்டாவளாம். சாதனைப் புத்தகக்கார பொண்ணு டிரோன்ல பாத்துட்டு, ஒரு கட்டம் காலியா இருந்தா பெருக்க முடியாதுங்கு. பத்தாயிரத்து ஏழுக்கு ஏதாவது வரிசை உண்டா?”

“பகா எண் அண்ணாச்சி.”

“அன்னைக்கும் இதத்தான வே சொன்னீரு.”

“அது பத்தாயிரத்து ஒம்பது.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். அன்னைக்கு நான் விளக்கமாச் சொன்னேன். நீங்க முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தீங்க.”

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குள்ளே ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. வாசலில் தடுத்து நிறுத்த ஆள் போட்டிருந்தார்கள், எண்ணெய் ஊற்ற நின்ற மற்றவர்கள் எல்லாரும் பையன்கள், பதிவு செய்யாத பெண் ஒருத்தியும் உள்ளே இல்லை. வெளியே போய் யாரையாவது சுமங்கலி என்று விசாரித்து அழைத்துவர நேரமில்லை. கையில் இருக்கும் ஒரே ஆள், பத்தடி தூரத்தில் தூக்குச் சட்டியோடு நிற்கும் என் அக்கா. அவரே அவளைப் போய்க் கூப்பிட வேண்டும், முதல் வரிசை நடுவில் உட்காரச் சொல்லி எல்லார் முன்னாலும் கெஞ்ச வேண்டும். அதை எப்படிச் சொல்ல வைப்பது என்று நான் வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டால், பகா எண்ணில் பூஜை நடந்தால் ஊருக்கு ஆகாது என்று ஒரு சாஸ்திரத்தையே அந்த இடத்தில் உண்டாக்கிவிடவும் தயாராக இருந்தேன். ஆயுள் முழுக்க எண் ஜோசியக்காரர்களைத் திட்டிய ஆள் நான்.

அதற்குள் முன்னால் ஏதோ அசைந்தது.

பொருளாளரின் மனைவி எழுந்தார். இடம் பறிபோன நாளிலிருந்து அவர் கண் அந்த நடு இடத்தின் மேல்தான் இருந்திருக்க வேண்டும். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு முதல் வரிசை நடுவில் போய், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்போல உட்கார்ந்தார். இப்போது இரண்டாம் வரிசையில் ஒரு இடம் காலி. மூன்றாம் வரிசைக்காரி ஒரு நிமிஷம் சுற்றிலும் பார்த்தாள். தன்னைப் பின்னால் தள்ளியது அவளுக்கும் நினைவிருந்தது. எழுந்து முன்னால் போனாள். பிறகு நாலாம் வரிசைக்காரி. பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவள். யாரும் யாரையும் கேட்கவில்லை. முப்பத்தாறாம் கோட்டில் ஒவ்வொரு பெண்ணாக எழுந்து, சேலையைச் சேர்த்துப் பிடித்து, ஒரு கட்டம் முன்னால் போய் உட்கார்ந்தாள். அம்மனுக்கு ஒரு வரிசை பக்கத்தில் போவது என்றால் எந்த வரிசையில் இருக்கிறவளுக்கும் ஆசைதான். ‘உக்காருங்கம்மா, எல்லாரும் அங்கங்கன உக்காருங்க’ என்று மைக்கில் யாரோ கத்தினார்கள். அந்தக் காலி இடம் அதையெல்லாம் கேட்காமல் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

என் வாயில் கூட்டி வைத்திருந்த வார்த்தையை மறந்து நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சிக்கும் புரியத் தொடங்கியது. நூற்று முப்பத்தெட்டாம் வரிசைக்காரி எழுந்து போனாள். கடைசி வரிசையில் இருந்த பெண்ணும், கொஞ்சம் பெருத்த உடம்பு, கையை ஊன்றி எழுந்து ஒரு கட்டம் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பின்னால் ஆள் இல்லை. காலி இடம் கடைசி வரிசையில், முப்பத்தாறாம் கட்டத்தில் வந்து நின்றது. ஒரு விளக்கு, ஒரு வாழையிலை, கொஞ்சம் பிச்சிப் பூ. அதன் முன்னால் எண்ணெய்த் தூக்கோடு அக்கா நின்றாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் வேட்டியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். பக்கத்து இடத்துப் பெண், இன்னார் என்று தெரியாத ஒருத்தி, “திரி நனையல பாருங்க, எண்ணெ ஊத்திட்டு உக்காருங்க அக்கா,” என்று சொல்லித் தீப்பெட்டியை நீட்டினாள். அக்கா தூக்கைக் கீழே வைத்தாள். தன் விளக்குக்குத் தானே எண்ணெய் ஊற்றினாள். உட்கார்ந்தாள்.

டிரோன் எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்று வந்தது. எழுபத்திரண்டு, நூற்று முப்பத்தொன்பது, மீதி இல்லை. பாத்திரக்கடையில் என்னை அருவருக்க வைத்த அதே குணம்தான், இப்போதும் அந்த எண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இந்தத் தடவை நான் அதைத் திட்டவில்லை.

போற்றி தொடங்கியது. அவ்வளவு தூரத்துக்கு ஒலிபெருக்கிச் சத்தம் எதிரொலியோடு இரண்டு தடவையாக வந்து சேர்ந்தது. எதைத் திருப்பிச் சொல்வது என்று தெரியாமல் பின்வரிசைப் பெண்கள் தடுமாறினார்கள். அக்கா மைக்கைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, தனக்குப் பாடமான வரிகளைத் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கடைசி ஏழெட்டு வரிசை அவளைத்தான் பின்பற்றிச் சொன்னது.

முடிந்ததும் மேடையில் சான்றிதழ் கொடுத்தார்கள். தாமிரபரணிக் கரையில் பத்தாயிரத்து எட்டு சுமங்கலிகள் ஒரே நேரத்தில் விளக்கேற்றிச் சாதனை என்று அண்ணாச்சி அதை மைக்கில் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். ‘சுமங்கலிகள்’ என்ற இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் இடறியது. கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா பின்னால் உட்கார்ந்து, பிரசாதப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜங்ஷன் தாண்டினோம். ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தது.

“மைக்ல படிச்சதக் கேட்டியாலே?” என்றாள்.

“கேட்டேன்.”

“பத்தாயிரத்து எட்டு சுமங்கலின்னாங்க. பேப்பர்லயும் அப்படித்தான் அடிச்சிருக்கா?”

“அப்படித்தான் அடிச்சிருக்கு. முத்திரை எல்லாம் வச்சு.”

பாலம் முடிந்து வண்ணார்பேட்டைப் பக்கம் இறங்கினோம்.

“அப்பம் உங்க அத்தான் உசிரோட இருக்காருன்னு எழுதிக் குடுத்துட்டாவ,” என்றாள்.

சிரித்தாள். அத்தான் போன பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு அவள் நெற்றி என் முதுகில் வந்து சாய்ந்தது. சட்டை நனைந்தது.

“பைய போலே,” என்றாள்.

வேகத்தைக் குறைத்துப் பைய போனேன்.